கடைசி வயலுக்கு ஊற்றிய பெட்ரோல்

எங்கள் வயல்தான் கடைசி. அதற்குக் கீழே வடிகால். வடிகாலுக்கு அந்தப் பக்கம் உவர்த் தரை. அதையும் தாண்டினால் முத்துப்பேட்டை அலையாத்திக் காடும் கடலும். கடல் பொங்கி நிற்கிற நேரத்தில் வடிகால் வடியாது. மழைத் தண்ணீர் போக வழியில்லாமல் எங்கள் வயலிலேயே நின்றுகொள்ளும்.

வாய்க்காலின் இந்தப் பக்கம் வரிசையாக நாலு வயல். தலைமாட்டில் அண்ணன் வயல். அண்ணன் என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. வயதில் மூத்தவர், சின்ன வயதிலிருந்து அப்படிக் கூப்பிட்டுப் பழக்கம். நடுவில் இரண்டு வயல் என் சித்தப்பா மகனுடையது. கால்மாட்டில் என்னுடையது.

அந்த வருஷம் ஆற்றுத் தண்ணீர் எங்கள் மடைக்கு வந்து சேர ரொம்பத் தாமதம். மேலே நட்டு முடித்துக் களை பார்க்கிறபோதுதான் நான் நாற்றுப் பறித்தேன். நாற்றங்காலில் இருந்தது எல்லாம் நடவுக்கே சரியாகப் போனது. மிச்சம் இல்லை. பயிர் வேர் பிடித்துப் பச்சை திரும்பியது. அதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

எனக்கு இருப்பது அந்த ஒரு வயல். அதுவும் குத்தகை. விற்கிற அளவுக்கு அதில் மிஞ்சாது. வீட்டில் நாலு பேர் வருஷம் முழுக்கச் சாப்பிடுகிற நெல் வந்துவிடும். அவ்வளவுதான் அதனிடம் நான் கேட்டது. கல்யாணம் ஆனதிலிருந்து என் மனைவி கடையில் அரிசி வாங்கி உலை வைத்ததில்லை. பயிர் போனால் அந்த வருஷம் வைக்க வேண்டும்.

மழை விடாமல் பெய்தது. முதலில் வரப்பு மறைந்தது. அப்புறம் பயிர் மறைந்தது. நெல் தண்ணீரில் நிற்கிற பயிர்தான். தலை வெளியே இருக்கிறவரை பயமில்லை. தலை மூழ்கிவிட்டால் குருத்து அழுகும். பிடித்து இழுத்தால் உருவிக்கொண்டு கையோடு வரும். மேல் வயல்களில் பயிர் வளர்ந்திருந்தது, பாதி வெளியே தெரிந்தது. என்னுடையது சின்னப் பயிர். மேலே நின்று பார்த்தால் குளம் மாதிரிதான் இருந்தது.

சித்தப்பா மகனிடம் ஒரு பெட்ரோல் இன்ஜின் உண்டு. ஒரு ஆள் தோளில் வைத்துத் தூக்கிப் போகலாம். ஒரு குழாயை வயலில் போட்டு, ஒரு குழாயை வரப்புக்கு மேலே தூக்கி வடிகாலில் விட்டால் இறைத்துத் தள்ளும். பெரிய டீசல் இன்ஜின் வைத்திருக்கிறவர்கள் வேறு பக்கம் போய்விட்டார்கள். டிராக்டர் வரப் பாதை இல்லை. இருந்தது இந்தச் சின்ன இன்ஜின்தான்.

எங்கள் பக்கத்தில் இறைக்க ஒரு முறை உண்டு. மேல் வயலில்தான் தொடங்குவோம். கீழே முதலில் இறைத்தால் மேலே நிற்கிற தண்ணீர் வரப்பு கசிந்து மறுபடி கீழே வந்துவிடும். செய்த வேலை வீண். அதனால் தலைமாட்டிலிருந்து கால்மாட்டுக்கு வருவோம். இது யாரும் சண்டை போட்டு மாற்றுகிற விஷயம் இல்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை.

பெட்ரோல்தான் பிரச்சினை. பங்க் இருக்கிற ஊருக்குப் போகும் வழியில் தரைப்பாலம். அதன் மேலே ஆள் நிற்க முடியாதபடி தண்ணீர் ஓடியது. சித்தப்பா மகன் கேனைத் தூக்கிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான். இடுப்புக்குக் கீழே லுங்கி இல்லை. ட்ரவுசரோடு நின்றான்.

“லுங்கிய ஆறு வாங்கிக்கிச்சுண்ணே. நல்லவேளை, ட்ரவுசர் போட்டிருந்தேன்.”

அவன் எப்போதும் அப்படித்தான். எழவு வீட்டிலும் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைப்பான்.

வண்டிகளில் இருந்ததை உறிஞ்சி எடுத்தோம். அவனுடைய பைக், என்னுடைய மொபெட். சின்ன டியூபை டேங்கில் விட்டு வாயால் இழுத்து, வருகிற நேரத்தில் சட்டென்று கேனில் விட வேண்டும். அவன் ஒரு வாய் குடித்துவிட்டான். துப்பினான்.

“என்னடா, உள்ள போயிடுச்சா?”

“போனா என்னண்ணே. இப்பல்லாம் இதுல சாராயம்தானே கலக்குறான். பங்க்ல ஒட்டியிருக்கான் பாருங்க.”

பார்த்திருந்தேன். எத்தனால் கலந்த பெட்ரோல் என்று போட்டிருக்கும். எழுத்துக் கூட்டிப் படித்திருக்கிறேன். என்ன என்று யாரிடமும் கேட்டதில்லை.

“அரிசிலேருந்து எடுக்குறானாம்ணே. குருணை அரிசி, கறுத்த அரிசி, எல்லாத்தையும் லாரில ஏத்திட்டுப் போறான். மனுசனுக்குக் கடை தொறந்து முடிஞ்சிது. இப்ப வண்டிக்கும் ஊத்திக் குடுக்குறான்.”

அண்ணன் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்கு இந்தப் பேச்செல்லாம் பிடிக்காது.

“வேலயப் பாருங்கடா. பயிர் மூழ்கிக் கெடக்குது, சாராயக் கத பேசுறானுவ.”

அண்ணன் வயலை இறைத்தோம். அப்புறம் நடு வயல் இரண்டும். இன்ஜின் நன்றாக ஓடியது. மழை விட்டு விட்டுப் பெய்தாலும் தண்ணீர் குறைவது கண்ணுக்குத் தெரிந்தது. நான் கீழே என் வரப்பில் சேறு வைத்து மிதித்துக்கொண்டு இருந்தேன். என் முறை வரும்போது கசிவு இருக்கக் கூடாது. அதுதான் நினைப்பு. என் மனைவி வைக்கோலும் மண்ணும் கலந்து கூடையில் கொண்டுவந்து கொட்டினாள்.

இன்ஜினை என் வரப்புக்குத் தூக்கிக்கொண்டு வந்தபோது டேங்கைத் தட்டிப் பார்த்தான் சித்தப்பா மகன். காலிச் சத்தம். கேனைக் கவிழ்த்தான். ஒரு சொட்டு வந்தது.

“அண்ணே…” என்றான். அவன் சிரிக்காமல் இருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

“சரி விடு,” என்றேன். வேறு என்ன சொல்வது. அவன் வயல் இரண்டும் வடிந்துவிட்டது, என் வயல் வடியவில்லை. அது அவன் தப்பு இல்லை. முறை அப்படி.

அண்ணன் கொஞ்ச நேரம் என் வயலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம், “என் வீட்டுக்கு வாங்க,” என்றார்.

எதற்கு என்று எங்களுக்குப் புரிந்தது. நம்பத்தான் முடியவில்லை.

அண்ணனுடைய மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். போவதற்கு முன்னால் வாங்கிய பைக் ஒன்று மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் தார்ப்பாய் போட்டு மூடி நிற்கும். அண்ணனுக்கு ஓட்டத் தெரியாது. சைக்கிள்தான். ஆனால் வெள்ளிக்கிழமை ஆனால் தார்ப்பாயைத் தூக்கித் துடைப்பார். சந்தனம் வைப்பார். ஊரில் யாருக்கும் அந்த வண்டியைக் கொடுத்ததில்லை. பிரசவத்துக்குக் கேட்டபோதும் கொடுக்கவில்லை என்று பேச்சு உண்டு. “அவன் வந்து எடுப்பான்” என்பார். அவர் பொதுவாகவே எதையும் கொடுக்கிற ஆள் இல்லை. மண்வெட்டி கேட்டால்கூட, “வேல இருக்கே” என்பார். அப்படிப்பட்டவர்.

தார்ப்பாயை அவரே எடுத்தார். டேங்க் மூடியைத் திறக்கும் முன்னால் ஒரு தடவை வண்டியைக் கும்பிட்டார். மூடியைச் சுற்றிச் செம்பழுப்பாகத் துரு இருந்தது. தார்ப்பாயில் ஒரு கிழிசல் இருந்தது. அதை அவரும் பார்த்தார், நாங்களும் பார்த்தோம்.

“தண்ணி எறங்கியிருக்குமோ?” என்றார் அண்ணன்.

“எறங்கினா என்னண்ணே. அடியில நிக்கும். விட்டுட்டு மேலாக்க எடுத்துக்கலாம்,” என்றான் சித்தப்பா மகன்.

அது எங்கள் எல்லாருக்கும் தெரிந்த வேலை. முன்பு ரேஷன் மண்ணெண்ணெயில் இன்ஜின் ஓட்டிய காலத்திலிருந்து வருகிறது. எண்ணெயில் தண்ணீர் கலந்திருந்தால் பாட்டிலில் ஊற்றிக் கொஞ்சம் வைத்திருக்க வேண்டும். தண்ணீர் முத்து மாதிரி அடியில் போய் நிற்கும். பாட்டிலை வானத்துக்கு நேரே பிடித்தால் தெரியும். மேலே உள்ளதை ஊற்றிக்கொண்டு அடியில் இரண்டு விரல் அளவு விட்டுவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் சின்னப் பையன்களுக்குக்கூட இது தெரியும். ஒரு தடவையும் ஏமாந்ததில்லை.

டியூபை அடிவரைக்கும் விடாமல் பாதியில் நிறுத்தி உறிஞ்சினான். தண்ணீர் பாட்டில்களில் பிடித்தோம். வைத்துப் பார்த்தோம். வானத்துக்குத் தூக்கிப் பிடித்தோம். தெளிவாக இருந்தது. அடியில் ஒன்றும் இல்லை.

“பாத்தீங்களா, சுத்தம்,” என்றான்.

“என் புள்ள வண்டியாச்சே,” என்றார் அண்ணன்.

அப்படியும் இரண்டு விரல் விட்டுத்தான் கேனில் ஊற்றினோம்.

வயலுக்குத் திரும்பி வரும்போது தூறல். கேனிலிருந்து இன்ஜின் டேங்கில் ஊற்றும்போது அண்ணன் குடையைப் பிடித்தார். காற்று குடையைத் திருப்பியது. கொஞ்சம் மழையும் சேர்ந்து உள்ளே விழுந்தது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. விழுந்த தண்ணீர் அடியில் போய் நிற்கும். அதுதான் எங்கள் நினைப்பு.

கயிற்றை இழுத்தான். இரண்டாவது இழுப்பில் பிடித்தது.

குழாய் புடைத்து வடிகாலில் தண்ணீர் கொட்டிய சத்தம் இன்றைக்கும் காதில் இருக்கிறது. அண்ணன் இன்ஜின் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். எழுந்திருக்கவே இல்லை. மாட்டைப் பார்ப்பது மாதிரி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எப்புடி ஓடுது பாத்தியா? பங்க் பெட்ரோல் இந்தச் சத்தம் குடுக்குமா?”

“இதுவும் பங்க்ல வாங்குனதுதானண்ணே. சிங்கப்பூர்லேருந்தா வந்துச்சு?” என்றான் சித்தப்பா மகன்.

“போடா.”

ஆனால் அவருக்குச் சந்தோஷம். மறைக்கத் தெரியவில்லை.

மத்தியானம் தாண்டி என் மனைவி தூக்கில் கஞ்சி கொண்டுவந்தாள். வரப்பில் நின்று வயலைப் பார்த்தாள். குனிந்து பார்த்தாள்.

“தல தெரியுதுங்க,” என்றாள்.

தெரிந்தது. ஊசி மாதிரி நுனிகள். வயல் முழுக்க இல்லை. வரப்பை ஒட்டி மேடான இடத்தில் மட்டும். ஆனால் பச்சையாக இருந்தது. நான் இறங்கி ஒன்றைப் பிடித்து மெதுவாக இழுத்தேன். வரவில்லை. வேர் பிடித்துத்தான் இருந்தது. இன்னும் அரைச் சாண் இறைத்தால் போதும். கஞ்சியைக் குடித்தேன். உப்பு கொஞ்சம் கூடுதல்.

அவள் வீட்டுக்குப் போன கொஞ்ச நேரத்தில் இன்ஜின் சத்தம் மாறியது. இருமுகிறது மாதிரி. ஒரு தடவை உறுமியது. நின்றுவிட்டது.

சித்தப்பா மகன் கயிற்றை இழுத்தான். பிடிக்கவில்லை. நான் இழுத்தேன். பிடித்து, இரண்டு சுற்று சுற்றி, மறுபடி நின்றது. பிளக்கைக் கழற்றித் துடைத்தோம். தீப்பெட்டி நனைந்திருந்தது. அண்ணன் மடியிலிருந்து லைட்டர் எடுத்தார். பிளக்கைச் சூடு காட்டி மாட்டினோம். இல்லை.

கார்புரேட்டருக்கு அடியில் ஒரு திருகு இருக்கும். அதைத் தளர்த்தி, வருவதைப் பாட்டிலில் பிடித்தான். வந்தது பெட்ரோல் மாதிரி இல்லை. கலங்கலாக, கனமாக இருந்தது. பாட்டிலைக் கீழே வைத்ததும் இரண்டாகப் பிரிந்து நின்றது. மேலே கொஞ்சம், அடியில் நிறைய.

“தண்ணிடா,” என்றேன்.

மூக்கில் வைத்துப் பார்த்தான். எனக்கும் நீட்டினான். ஆஸ்பத்திரியில் ஊசி போடுவதற்கு முன்னால் பஞ்சில் தொட்டுத் தடவுவார்களே, அந்த வாசனை அடித்தது.

“தண்ணி மணக்காதுண்ணே. இதுவும் பெட்ரோல்தான். குளுந்து போயி இப்புடி இருக்குது.”

அண்ணனும் மோந்து பார்த்தார். “சரக்குதான்டா. கீழ ஊத்தாத. ஒவ்வொரு சொட்டும் பயிரு.”

அவர் சொன்னது எங்களுக்குச் சரியாகப் பட்டது. கையில் இருந்ததே அவ்வளவுதான். அதைக் கீழே ஊற்ற மனசு வருமா? மணக்கிற ஒன்றைத் தண்ணீர் என்று எப்படிச் சொல்வது? பிடித்ததை டேங்கிலேயே திரும்ப ஊற்றினான். மறுபடி இழுத்தோம். மாறி மாறி இழுத்தோம். என் கையில் தோல் உரிந்தது. கயிற்றில் ரத்தம் பட்டதும் அண்ணன் என்னை விலக்கிவிட்டு அவர் இழுத்தார். அவருக்கு அவ்வளவு பலம் இல்லை. இழுத்து இழுத்து இருமினார்.

“என் புள்ள வண்டி ஒரு நாளும் நடு வழில நின்னதில்ல,” என்றார்.

சித்தப்பா மகன் கயிற்றைச் சுற்றி இன்ஜின் மேலே வைத்தான்.

அன்னக்கூடையும் அலுமினியச் சட்டியும் கொண்டுவந்து கையால் வாரி இறைத்தோம். என் மனைவியும் பிள்ளைகளும் வந்து இறங்கினார்கள். எவ்வளவு இறைத்தாலும் குறைந்தது தெரியாத வேலை அது. வடிகாலில் கடல் தண்ணீர் ஏறி வந்தது. வரப்பில் ஒரு இடத்தில் கசிந்தது, அடைத்தேன். இன்னொரு இடத்தில் கசிந்தது. இருட்டுவதற்கு முன்னால் மழை பலமாகப் பிடித்தது. வெளியே தெரிந்த நுனிகள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. என் மனைவி சட்டியைக் கவிழ்த்து வரப்பில் வைத்துவிட்டு, “வாங்க,” என்றாள். எல்லாரும் வீட்டுக்குப் போனோம்.

தரைப்பாலம் திறந்ததும் நானும் சித்தப்பா மகனும் இன்ஜினைத் தூக்கிக்கொண்டு டவுனில் மெக்கானிக் கடைக்குப் போனோம். கடை வாசலில் எங்களைப் போலப் பலர் நின்றார்கள். எல்லாரிடமும் ஏதோ ஒன்று ஓடாமல் இருந்தது.

மெக்கானிக் தம்பி டேங்கில் இருந்ததை ஒரு பாட்டிலில் ஊற்றிப் பெஞ்சில் வைத்தார். அதே மாதிரி இரண்டாகப் பிரிந்தது. அடியில் இருந்ததைச் சிரிஞ்சில் உறிஞ்சித் தரையில் ஊற்றி லைட்டரைக் காட்டினார். பெட்ரோல் மாதிரி குப்பென்று பிடிக்கவில்லை.

“இதயா ஊத்தி இழுத்தீங்க?”

“மணந்துச்சு தம்பி,” என்றேன்.

“மணக்கத்தான் செய்யும். அது ஸ்பிரிட்டு. இப்ப பெட்ரோல் எல்லாத்துலயும் எத்தனால் கலந்துதான் வருது. அதுக்குத் தண்ணின்னா உசுரு. கொஞ்சம் தண்ணி எறங்குனா இழுத்து உள்ள வச்சிக்கும், வெளில தெரியாது. தெளிவாத்தான் இருக்கும். அளவு தாண்டுச்சுன்னா பெட்ரோல விட்டுட்டுத் தண்ணியோட சேந்து அடில போயி உக்காந்துக்கும். இன்ஜின் அடிலேருந்துதானே இழுக்குது? அப்பறம் எப்புடி ஓடும்?”

“நாங்க பாட்டில்ல வச்சுப் பாத்தம்பா. ரெண்டு விரல் வுட்டுத்தான் ஊத்துனம்,” என்றேன்.

“அதெல்லாம் மண்ணெண்ணெக்கிண்ணே. இத அப்புடிப் பாத்துக் கண்டுபிடிக்க முடியாது. ரொம்ப நாள் நின்ன வண்டிலேருந்து எடுத்தீங்களா?”

சித்தப்பா மகன் என்னைப் பார்த்தான். நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

“அதான். ஏற்கெனவே முட்டக் குடிச்சு இருந்துருக்கும். மேல நாலு சொட்டு மழ வுழுந்தாப் போதும். ஓட ஓடப் பிரிஞ்சு அடில சேந்துடும்.”

மழை விழுந்தது. குடை திரும்பியது. எனக்கு ஞாபகம் இருந்தது.

திரும்பி வரும் வழியில் சித்தப்பா மகனிடம் சொன்னேன்.

“அண்ணன்கிட்ட இதச் சொல்லாத.”

“நான் ஏண்ணே சொல்றேன்.”

“யார்கிட்டயும் சொல்லாத.”

“சொல்லலண்ணே.”

வயலில் தண்ணீர் தானாக வடிந்தபோது பயிர் பழுப்பாகப் படுத்துக் கிடந்தது. சேற்றோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. இறங்கி ஒரு குத்தைப் பிடித்தேன். உருவிக்கொண்டு வந்தது. அடி வழவழவென்று இருந்தது. நாற்றம். இன்னொன்று. அதுவும் அப்படியே. மேடான மூலையில் கொஞ்சம் நின்றது. ஒரு கட்டு வைக்கோலுக்கு ஆகும். அவ்வளவுதான். நாற்றுக்கு எங்கெல்லாமோ அலைந்தேன். பூதலூர் பக்கம்வரை பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். பருவம் முடிந்துவிட்டது. யாரிடமும் இல்லை. இருந்தவர்களும் தங்களுக்கு வைத்திருந்தார்கள்.

ரேஷன் அரிசி வாங்கி உலை வைத்தோம். முதல் நாள் என் மனைவி சோற்றைப் பரிமாறிவிட்டு உள்ளே போய்விட்டாள். பிள்ளைகள் சாப்பிட்டார்கள். நானும் சாப்பிட்டேன். பசிக்குச் சோறுதானே.

விஷயம் டீக்கடையில் வெளியே வந்தது. யார் சொன்னது என்று தெரியாது. சித்தப்பா மகன், தான் சொல்லவில்லை என்கிறான். மெக்கானிக் கடையில் நின்றவர்கள் யாராவது கேட்டிருக்கலாம். நான் போனபோது பெஞ்சில் அண்ணன் டீ கிளாஸோடு உட்கார்ந்திருந்தார். எங்கள் ஊர் ஆள் ஒருவர், வாய் ஓயாத ஆள், பேப்பரை மடித்துக்கொண்டே கேட்டார்.

“என்னண்ணே, சிங்கப்பூர்ப் பெட்ரோலு ஊத்தி ஒரு வயலயே அழிச்சிப்புட்டீங்களாம்ல?”

இரண்டு பேர் சிரித்தார்கள்.

அண்ணனுக்குப் புரியவில்லை. “என்ன சொல்ற?” என்றார்.

“அட, மவன் வண்டில சாராயமும் தண்ணியுமா இருந்துச்சாம். மிக்ஸிங் போட்டு வச்சிருந்திருக்கான் புள்ள.”

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் வந்து நின்றது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. “நெசமாடா?” என்று கேட்டார்.

“அதெல்லாம் இல்லண்ணே. இன்ஜின்ல கோளாறு,” என்றேன்.

எனக்குப் பொய் சொல்ல வராது. அவருக்கும் அது தெரியும். கிளாஸைக் கீழே வைத்தார். பாதி டீ இருந்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். ஏறவில்லை, தள்ளிக்கொண்டே போனார்.

நான் அந்த ஆளிடம், “ஏன்யா?” என்றேன்.

“சும்மா தமாசுக்குத்தான்ப்பா.”

அண்ணன் வயலில் அறுவடை ஆனதும் எனக்கு ஆள் விட்டு அனுப்பினார். போனேன். மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் அந்த இடம் காலியாக இருந்தது. தார்ப்பாய் மட்டும் மடித்து வைத்திருந்தது. வண்டியை விற்றுவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். வாசலில் ஒரு மூட்டை. தைத்து, சாணிப்பாலில் குறி போட்டு, தயாராக இருந்தது.

“இத எடுத்துட்டுப் போ,” என்றார்.

“எதுக்குண்ணே?”

“எடுத்துட்டுப் போன்னா எடுத்துட்டுப் போ. புது நெல்லு.”

“வேணாம்ணே. வீட்ல இருக்கு.”

இல்லை என்பது ஊருக்கே தெரியும். ரேஷன் கடை வரிசையில் என் மனைவியை எல்லாரும் பார்த்திருந்தார்கள். ஆனால் வாங்கினால், அந்தப் பெட்ரோலுக்குப் பதிலாக வாங்கியது ஆகிவிடும். அவர் தப்புச் செய்தார், நான் ஈடு வாங்கிக்கொண்டேன் என்று ஆகிவிடும். அவர் தப்பே செய்யவில்லை. என் வயலுக்குக் கொடுத்தார். யாருக்கும் கொடுக்காததைக் கொடுத்தார். “நீங்க வச்சுக்குங்கண்ணே,” என்று மட்டும் சொன்னேன்.

அவர் மூட்டையைப் பார்த்தார். “சரி,” என்றார். உள்ளே போய்விட்டார். கதவைச் சாத்தவில்லை. நான் வந்துவிட்டேன்.

வீட்டில் சொன்னதும் என் மனைவி முறத்தைக் கீழே வைத்தாள்.

“வாங்கியிருக்கலாம்ல.”

“எதுக்கு?”

“நமக்காகவா சொல்றேன்? அவருக்காக வாங்கியிருக்கலாம். அந்த மனுசன் வேற எப்புடிக் கேப்பாரு?”

மறுநாள் போய் வாங்கிக்கொள்ளலாம் என்று போனேன். மூட்டை வாசலில் இல்லை. அவரும் இல்லை. மறுபடி போனேன். அவர் மனைவி வந்து, “வயலுக்குப் போயிருக்காங்க,” என்றார். வயலில் இல்லை. மூன்றாவது தடவை போகவில்லை.

அதற்குப் பிறகு அண்ணன் என் வரப்பு வழியாக வருவதில்லை. முன்பெல்லாம் கடைத்தெருவுக்குப் போக என் வயல் ஓரம்தான் அவருக்கு வழி. இப்போது ரோட்டைச் சுற்றிப் போகிறார். தூரம் அதிகம். முட்டி வலி வேறு அவருக்கு. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவது தூரத்தில் தெரியும். நான் கூப்பிட்டுப் பார்த்தேன். கேட்கிற தூரம்தான். தலையை இப்படி அப்படித் திருப்பாமல் போனார்.

போன வருஷம் நல்ல விளைச்சல். எங்கள் சாப்பாட்டுக்கு வந்துவிட்டது. என் மனைவி முதல் மூட்டையைப் பிரித்து, படி நிறைய அளந்து, அண்ணன் வீட்டுக்கு ஒரு பையில் எடுத்துக்கொண்டு போனாள். திரும்பி வரும்போது பை காலியாக இருந்தது. வாங்கிக்கொண்டார்கள் என்றாள். அவர் மனைவிதான் வாங்கினாராம். அண்ணன் உள்ளே கட்டிலில் படுத்திருந்தாராம்.

“ஏதாச்சும் சொன்னாரா?” என்று கேட்டேன்.

“சுவத்தப் பாத்துப் படுத்திருந்தாருங்க,” என்றாள்.

அவள் பையை உதறி ஆணியில் மாட்டிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.